வராதவர்கள் எல்லாம் குணமானவர்கள்

போன மாதம் ஒரு கல்லூரி முதல்வர் தொலைபேசியில் கூப்பிட்டார். "மேடம், எங்க ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேணும். பயாலஜியோட ஸ்டாடிஸ்டிக்ஸும் கம்ப்யூட்டரும் சேத்துப் படிச்சா என்ன எதிர்காலம்னு. புதுசா ஒரு கோர்ஸ் ஆரம்பிக்கறோம். கொஞ்சம் பாஸிட்டிவா எழுதிக் கொடுங்க" என்றார். பாஸிட்டிவாக வேண்டுமென்றால் சேர்க்கை விளம்பரம் எழுதுகிறவரைக் கேட்டிருக்க வேண்டும். என்னைக் கேட்டார். ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம் ஆகிறது, கையும் வாயும் சும்மா இருக்க மாட்டேன் என்கின்றன. சரி என்று சொல்லிவிட்டேன்.

எதிர்காலம் இருக்கிறது, பிள்ளைகளே. எனக்கும் இருந்தது. நான்கு இடங்களில் வேலை பார்த்தேன். எங்கேயும் புள்ளியியலாளர் என்று ஒரு பதவி கிடையாது. முதல் இடத்தில் நான் தற்காலிக ஆய்வு உதவியாளர். இரண்டாவது இடத்தில் லேப் டெக்னீஷியன். ஒரு சோதனைக் குழாயைக்கூடத் தொட்டதில்லை. மூன்றாவது இடத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். நான்காவது இடத்தில் உதவி நூலகர் பதவிதான் காலியாக இருந்தது, அதில் உட்கார வைத்தார்கள். இருபது வருஷம் உட்கார்ந்தேன். ஓய்வூதியப் புத்தகத்தில் இன்றும் நான் உதவி நூலகர்தான். அந்த நூலகம் எந்த மாடியில் இருந்தது என்று கேட்டால் விசாரித்துத்தான் சொல்ல வேண்டும்.

படித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூரில் எங்கள் தெருவில் மருத்துவம் தவறியவர்கள் விலங்கியலுக்குப் போவார்கள், பொறியியல் தவறியவர்கள் கணிதத்துக்குப் போவார்கள். நான் ஒரே வருஷத்தில் இரண்டையும் தவறவிட்டவள், ஆகவே புள்ளியியல் கிடைத்தது. எம்.எஸ்ஸி.யில் உயிரியல் புள்ளியியல் எடுத்தேன். அதை முடித்ததும் பாண்டி பஜாரில் ஒரு ஜவுளிக் கடையின் மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு. ஆறு பேருக்கு ஒரு மெஷின். ஒருவர் தட்டுவார், ஐந்து பேர் பார்த்துப் பெருமூச்சு விடுவோம். மின்சாரம் போனால் கீழே கடைக்கு ஜெனரேட்டர் ஓடும், மாடிக்கு அந்த பாக்கியம் இல்லை. தட்டிவைத்த பாதிப் பாடம் அதோடு போய்விடும்.

அந்த நாளில் எனக்கு வரன் பார்த்தார்கள். தியாகராய நகரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பிள்ளையின் அப்பா சொஜ்ஜியைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "பொண்ணுக்கு பயாலஜியா, கம்ப்யூட்டரா?" என்று கேட்டார்.

"ரெண்டும்தான்" என்றார் என் அப்பா.

"ரெண்டும்னா எப்படி? எது மெயின்?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா, "ஆத்துக் காரியமெல்லாம் நன்னாப் பண்ணுவா" என்றாள். சம்பந்தம் தட்டிப்போனது. எது மெயின் என்ற கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியாது.

வேலை கிடைத்தது அடையாறில், ஓர் அறக்கட்டளை நடத்திய மருத்துவ ஆய்வு மையத்தில். அதன் பெயர் வேண்டாம். இயக்குநரை டாக்டர் சபேசன் என்று வைத்துக்கொள்வோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கம்ப்யூட்டர் அறைக்கு ஏ.சி. உண்டு, அந்த அறைக்கு மட்டும்தான் உண்டு. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், தூசி ஆகாது. டாக்டர் சபேசன் மட்டும் ஷூவோடு வருவார். ஆயுத பூஜைக்கு மானிட்டருக்குச் சந்தனம் வைத்து, கீபோர்டின் மேல் பொரி வைப்பார்கள். மறுநாள் ஒரு நாள் முழுக்க நான் கீபோர்டைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிக்கொண்டிருப்பேன். தூசிதான் ஆகாது, பொரி ஆகும்.

சபேசன் நல்ல வைத்தியர். அதைச் சொல்லாவிட்டால் நாக்கு அழுகிப்போகும். சர்க்கரை நோயாளியின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தே எந்த விரலில் உணர்ச்சி போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் கணக்கு என்பது அவருக்குக் கல்யாணத்தில் கெட்டிமேளம் மாதிரி. முகூர்த்தம் எல்லாம் அவர் குறித்தாகிவிட்டது, சரியான நேரத்தில் சத்தம் வந்தால் போதும். எந்த ஆய்வுக்கும் கடைசிப் பத்தியை முதலில் பென்சிலால் எழுதி என் மேஜையில் வைப்பார். "இம்மருந்து மிகச் சிறந்த பலன் தருவது தெளிவாகிறது" என்று இருக்கும். எவ்வளவு சிறந்த பலன் என்கிற இடத்தில் ஒரு கோடு. "ஏம்மா, அந்தக் கோட்டுல நம்பர் போட்டுடு. ஸ்டார் மறக்காதே" என்பார்.

ஸ்டார் என்பது, கிடைத்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு குறைவு என்று அட்டவணையில் போடும் நட்சத்திரக் குறி. வாய்ப்பு குறையக் குறைய, ஒன்று, இரண்டு, மூன்று என்று கூடும். சபேசனுக்கு மூன்றுக்குக் குறைந்தால் முகம் வாடிவிடும். கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, "எத்தனை வந்தது?" என்று கேட்பார். ஒன்று என்றால், "இன்னொரு தரம் போட்டுப் பாரு, மெஷின் சூடாயிருக்கும்" என்பார்.

என் வேலை ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவர் கையெழுத்தால் நீளும். மூன்று வருஷமாக அப்படியே நீண்டது. அப்பா ஓய்வு பெற்றிருந்தார், வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. ஆகவே நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எச்சில் ஊறும். "களிம்பு ஸ்டடி முடியட்டும், உன்னைப் பெர்மனென்ட் பண்ணிடறேன்" என்று ஒரு நாள் சபேசனே சொன்னார். ஆர்டர் தட்டச்சு செய்து அவர் மேஜை இழுப்பறையில் தயாராக இருப்பதாக டைப்பிஸ்ட் எனக்கு ரகசியம் சொன்னாள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஆய்வு முடிவைப் படித்ததும் கையெழுத்து.

அந்தக் களிம்பு ஆய்வைப் பற்றிச் சொல்கிறேன். சர்க்கரை நோயாளிகளுக்குக் காலில் ஆறாத புண் வரும். முப்பது பேருக்கு வழக்கமான வைத்தியம்: தினமும் மையத்துக்கு வந்தால் நர்ஸ் புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவார். இன்னொரு முப்பது பேருக்கு ஒரு கம்பெனியின் புதுக் களிம்பு: வீட்டிலேயே தடவிக்கொள்ள வேண்டும், மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டினால் போதும். பன்னிரண்டாவது வாரம் எல்லாருடைய புண்ணையும் ஸ்கேல் வைத்து அளந்து சென்டிமீட்டரில் படிவத்தில் குறிக்க வேண்டும். முழுக்க ஆறியிருந்தால் பூஜ்யம்.

படிவத்தை நிரப்பியவர் டில்லிபாபு. மையத்தின் களப்பணியாளர், சைதாப்பேட்டைக்காரர், நாற்பதைத் தாண்டியவர். கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும், எழுதியது மட்டும் பொய்யாக இருக்காது. படிவங்கள் என்னிடம் வரும். நான் எழுதிய புரோகிராமில் ஒவ்வொன்றையும் இரண்டு முறை தட்ட வேண்டும்: ஒரு முறை நான், ஒரு முறை டைப்பிஸ்ட். பிறகு மெஷின் இரண்டையும் ஒப்பிட்டு எங்கே வேறுபடுகிறது என்று காட்டும். அறுபது படிவத்தையும் ஒப்பிட்டபோது "பிழை இல்லை" என்று திரையில் வந்தது. எனக்கு ஒரே பெருமை. கணக்கைப் போட்டேன். களிம்புக்காரர்களின் புண் பாதிக்குமேல் சுருங்கியிருந்தது. மூன்று ஸ்டார்.

சபேசன் கதவைத் திறந்து முழு உடம்போடு உள்ளே வந்து எனக்குக் கை கொடுத்தார். அடுத்த மாதத்திலிருந்து எல்லா நோயாளிகளுக்கும் களிம்புதான், கட்டுப் போடும் அறையை மூடிவிட்டு அங்கே இன்னொரு கம்ப்யூட்டர் வைக்கலாம் என்றார். நானும் தலையாட்டினேன். இரண்டாவது கம்ப்யூட்டர் என்றதும் எனக்கு அறிவு வேலை செய்யவில்லை.

அந்தச் சனிக்கிழமை அம்மாவுக்கு ஒரு பாத்திரம் வாங்க ரங்கநாதன் தெருவுக்குப் போனேன். மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டுப் பக்கம் காய்கறிக் கூடையோடு ஆறுமுகம் உட்கார்ந்திருந்தார். களிம்புக் குழுவில் இருபத்தேழாம் நம்பர். பெயர் பதியும் நாளில் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார், அதனால் முகம் தெரியும். இடது காலில் பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது.

"ஆறுமுகம், கால் எப்படி இருக்கு?" என்றேன்.

"இன்னா மேடம் சொல்றது. அந்த மருந்து தட்வுனா நெருப்பு மாரி எரியுது. ரெண்டு வாரம் பாத்தேன், வேலைக்கு ஆவலன்னு உட்டுட்டேன். புண்ணு பெர்சாயிக்கினே போவுது."

"வந்து சொல்லியிருக்கலாமே?"

"மருந்து போடலன்னா டாக்டரு கத்துவாரு. அதான் அந்தப் பக்கமே வர்ல."

வாங்க வந்த பாத்திரத்தை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். திங்கட்கிழமை முதல் வேலையாக மெஷினில் இருபத்தேழாம் நம்பரைப் பார்த்தேன். பன்னிரண்டாவது வாரம், புண் அளவு: பூஜ்யம். காகிதப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கட்டத்தில் டில்லிபாபு ஒரு சின்னக் கோடு போட்டிருந்தார். எண் எதுவும் இல்லை.

அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஆளு வர்ல மேடம். வராத ஆளோட புண்ண நான் எப்டி அளக்கறது? அதான் கோடு போட்டு உட்டேன்" என்றார். நியாயம்தான். கோடு போட்ட இடத்தை நானும் டைப்பிஸ்டும் காலியாக விட்டுத் தாண்டியிருந்தோம். அந்தக் காலத்து மென்பொருளில் எண்ணுக்கான கட்டத்தைக் காலியாக விட்டால் அது பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்ளும். இரண்டு பேர் தட்டியதிலும் பூஜ்யம், இரண்டும் பொருந்துகிறது, பிழை இல்லை. பூஜ்யம் என்றால் முழுக்க ஆறிய புண். ஆக, மையத்துக்கு வராமல் நின்றுபோன ஒவ்வொருவரையும் என் புரோகிராம் பூரண குணமாக்கி அனுப்பியிருந்தது.

எண்ணிப் பார்த்தேன். கட்டுப் போடும் குழுவில் இரண்டு பேர்தான் வரவில்லை, தினமும் வந்து பழகியவர்கள் அவர்கள். களிம்புக் குழுவில் பதினொரு பேர். வராத பதின்மூன்று பேரையும் நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டேன். மூன்று ஸ்டாரும் போய்விட்டன. களிம்புக்கும் வெறும் கட்டுக்கும் சொல்லத்தக்க வித்தியாசமே இல்லை. கல்லூரியில் முதல் வருஷப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது: இல்லாத தகவலுக்குத் தனிக் குறி வைக்க வேண்டும். நான் வைக்கவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. இழுப்பறையில் இருந்த ஆர்டரை நினைத்து ஒரு நாள் முழுக்க யாரிடமும் வாய் திறக்கவில்லை. அதையும் எழுதிவிடுவதுதான் முறை.

செவ்வாய்க்கிழமை சபேசன் அறைக்குப் போய்ச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். கோபமே வரவில்லை, அதுதான் ஆச்சரியம்.

"ஏம்மா, வரலேன்னா என்ன அர்த்தம்? சரியாப் போச்சுன்னுதானே அர்த்தம்? ஜுரம் விட்டப்புறம் யாராவது டாக்டராத்துக்கு வராளா?"

"ஆறுமுகத்துக்குப் புண் பெரிசாயிருக்கு சார். நான் பாத்தேன்."

"அது ஒருத்தன். நீதானே சொல்லுவே, ஒரு கேஸை வெச்சுண்டு முடிவு பண்ணப்படாதுன்னு?"

நான் சொல்வதுதான் அது. மூன்று வருஷத்தில் நான் சொன்னதில் அவர் காதில் ஏறிய ஒரே விஷயம் அது, அதையும் எனக்கே திருப்பிப் போட்டார். "வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரா வரா. குழப்பாதே" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

ஒரு கேஸ் போதாதென்றால் பதினொன்றும் பார்த்துவிடுவோம் என்று எனக்கு வீம்பு வந்தது. டில்லிபாபுவிடம் சொன்னேன். "அட்ரெஸு எல்லாம் நம்மகிட்ட கீது மேடம். நீங்க பஸ்ல வாங்க, நான் சைக்கிள்ல முன்னாடி போய்க்கினு இருக்கேன்" என்றார். புதனும் வியாழனும் லீவு போட்டேன். கிண்டியில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் நான்கு வீடு, பாலவாக்கத்தில் கடற்கரையோரம் மூன்று, மிச்சம் சைதாப்பேட்டையிலும் மாம்பலத்திலும். ஒவ்வொரு வீட்டிலும் டில்லிபாபு பிளாஸ்டிக் ஸ்கேலை ஸ்பிரிட்டில் துடைத்து, புண்ணின் நீளமான பக்கத்தை அளந்து எண்ணைச் சத்தமாகச் சொல்லுவார். நான் எழுதிக்கொள்ளுவேன். கம்ப்யூட்டர் வேலை என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

ஏழு பேருக்குப் புண் முன்பைவிடப் பெரிதாகியிருந்தது. ஆறுமுகத்துக்கு ஐந்து சென்டிமீட்டர். இரண்டு பேருக்கு அப்படியே இருந்தது. பாலவாக்கத்தில் ஒரு மீனவர் வீட்டில் அவர் மனைவி மட்டும் இருந்தார். "அவரு போய் ரெண்டு மாசம் ஆவுது. மாரடைப்பு" என்றார். களிம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் எங்கள் பதிவேட்டில் அவரும் பூரண குணம். கிண்டியில் ஓர் அம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கணுக்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. வேறொரு ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்களாம். டில்லிபாபு ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இத இன்னான்னு எயுதறது மேடம்?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மாள்தான் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கொடுத்தார். புண் இல்லை என்று பார்த்தால் அவர் ஒருவருக்கு மட்டும் என் பூஜ்யம் சரி.

வெள்ளிக்கிழமைக் கூட்டம். ஆறு டாக்டர்கள், கம்பெனிப் பிரதிநிதி, போண்டா, காபி. நான் புரொஜெக்டரில் பழைய அட்டவணையை வைத்தேன், மூன்று ஸ்டார். கம்பெனிக்காரர் தலையாட்டினார். பிறகு அதை எடுத்துவிட்டு இன்னொரு பிளாஸ்டிக் ஷீட்டை வைத்தேன்: பதினொரு நோயாளி எண், நாங்கள் போய்ப் பார்த்த தேதி, அளவு. கிண்டி அம்மாளுக்கு நேராக "கால் அகற்றப்பட்டது" என்று எழுதியிருந்தேன். வராதவர்களைக் குணமானவர்களாகக் கணக்கில் சேர்த்துவிட்டோம் என்றேன். போண்டாவைக் கடித்தவர்கள் மெல்லாமல் நிறுத்தினார்கள்.

சபேசன் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார். அந்தக் கால் வரியைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு கேட்டார்: "இந்த புரோகிராம் யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"செக் பண்ணது?"

"அதுவும் நான்தான்."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. கம்பெனிக்காரர் பக்கம் திரும்பி, "கம்ப்யூட்டர் மிஸ்டேக். களிம்பை நிறுத்திடறோம்" என்றார். கம்பெனிக்காரருக்கும் அது வசதியாக இருந்தது. மருந்தின் மேலும் தப்பில்லை, டாக்டரின் மேலும் தப்பில்லை. மத்தளத்துக்குத்தானே இரண்டு பக்கமும் இடி. ஆனால் நேர்மையாகச் சொன்னால் தப்பு என்னுடையதுதான், அவர் பொய் சொல்லவில்லை. கட்டுப் போடும் அறையை மூடவில்லை. பதினொன்றில் உயிரோடிருந்த பத்துப் பேரையும் வண்டி வைத்துக் கூட்டிவரச் சொல்லி அன்றே உத்தரவு போட்டார். நல்ல வைத்தியர் என்று சும்மாவா சொன்னேன்.

கூட்டம் கலைந்த பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பேசாம இருந்திருக்கலாமே அம்மா. பதினோரு நம்பரையும் சத்தம் போடாம மாத்தியிருந்தா, நானே ஏதாவது சொல்லி நிறுத்தியிருப்பேனே" என்றார். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். கையிலிருந்த ஷீட்டுகளை அடுக்கிக்கொண்டேன். பதில் சொல்லியிருந்தால் வேலை அந்த நிமிஷமே போயிருக்கும். அப்படி இல்லாமல் மாதக் கடைசியில் போயிற்று. மையத்தின் தேவைகள் மாறியிருப்பதால் பணி நீட்டிக்கப்படவில்லை என்று கடிதம். இழுப்பறையில் இருந்த நிரந்தர ஆர்டரைக் கிழித்துப் போட்டதாக டைப்பிஸ்ட் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் என் கவலையெல்லாம்.

கடைசி நாள் காலையில் புரோகிராமைத் திருத்தி முடித்தேன். இனிமேல் எண் இல்லாவிட்டால் கட்டம் காலியாகவே நிற்கும், கணக்கில் சேராது. பதினொரு மணிக்கு ஆறுமுகம் கட்டுப் போட்டுக்கொண்டு, படிவத்தைத் தானே கையில் எடுத்துக்கொண்டு, செருப்பை வாசலில் விட்டுவிட்டு என் அறைக்குள் வந்தார். மூன்றரை சென்டிமீட்டர். அவர் கண்ணெதிரில் தட்டினேன்.

"எயுதிட்டீங்களா மேடம்?"

"எழுதிட்டேன். மூணரை. வீட்டுல அளந்தப்போ அஞ்சு இருந்தது."

"அதுக்கு மின்னாடி?"

"அப்போ நீங்க வரல. சைபர்னு போட்டுட்டேன். தப்புதான்."

"வராத ஆளுக்கு சைபரா?" என்று யோசித்தார். ஏ.சி. காற்றில் தோளைக் குறுக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"தினமும் வந்து கட்டுப் போட்டுக்கணும் ஆறுமுகம். வர்றத விட்டுடாதீங்க" என்றேன்.

"நான் வருவேன். நீங்கதான இனிமே வர மாட்டீங்களாமே, டில்லிபாபு சொன்னாரு" என்றார். "நாளையிலருந்து நீங்க வர்லன்னா, உங்களுக்கும் சைபர்னு போட்ருவாங்களா மேடம்?"

"இல்ல. காலியா விட்டுருவாங்க" என்றேன்.

அப்படியே விட்டார்கள். எனக்குத் தெரிந்தவரை அந்த இடத்துக்கு வேறு யாரையும் எடுக்கவில்லை. ஆறுமுகம் மட்டும் இரண்டு காலோடும் இன்னும் பத்து வருஷம் மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் கத்தரிக்காய் விற்றார்.